எலும்புக்கு ‘உங்களுக்கென்றே’ கலந்த மருந்து



இந்தப் பகுதிக்கு வருகிற தபாலில் இடுப்பு வலியும் முழங்கால் வலியும் இல்லாத நாளே கிடையாது. வடாம் பிழிந்தோம், ஊறுகாய் போட்டோம் என்று பேசிக்கொண்டிருந்த நாம், நாற்பதைத் தாண்டினோமோ இல்லையோ, எலும்பைப் பற்றிப் பேச ஆரம்பித்துவிடுகிறோம். இந்தத் தடவை வந்த இரண்டு கடிதங்களுக்குச் சேர்த்தே பதில் எழுதுகிறேன். ஊர் வேறு, விவரம் வேறு. ஆனால் கேட்டிருப்பது ஒரே கேள்விதான்.

முதல் கடிதம் கும்பகோணத்துச் சகோதரி ஒருவருடையது. அவருடைய அக்கா அமெரிக்காவில் மகனோடு இருக்கிறார். வயது ஐம்பத்திரண்டு. எலும்பு மெலிந்திருக்கிறது என்று பரிசோதனையில் தெரிந்ததாம். அங்கே ஒரு மருந்துக் கடையில் எச்சிலைப் பரிசோதித்து, அவருக்கென்றே அளவு பார்த்து ஹார்மோன் கிரீம் கலந்து கொடுக்கிறார்களாம். “அக்கா நன்றாகத் தூங்குகிறாள், உடம்பு தகதகவென்று எரிவது நின்றுவிட்டது. எனக்கும் எலும்பு மெலிவு என்று இங்கே டாக்டர் சொல்லி, வாரம் ஒரு மாத்திரை எழுதிக் கொடுத்திருக்கிறார். எல்லாருக்கும் பொதுவான மாத்திரையைவிட எனக்கென்று கலந்தது உசத்திதானே? அக்காவிடம் சொல்லி வரவழைக்கலாமா?” என்று கேட்கிறார்.

இரண்டாவது கடிதம் திண்டுக்கல் பக்கத்திலிருந்து. எழுதியவருடைய மாமியாருக்கு அறுபத்தெட்டு வயது. இரண்டு வருஷமாக ஒருவரிடம் பொட்டலம் வாங்கிச் சாப்பிடுகிறார். நாடி பார்த்து, ‘உடம்புவாகுக்குத் தக்கபடி’ கலந்து கொடுக்கிற தூளாம். “சாப்பிட்ட இரண்டாம் நாளே வலி பறந்துவிடுகிறது. ஆனால் முகம் ஊதினாற்போல் இருக்கிறது, கை கால் மெலிந்து வயிறு மட்டும் பெருக்கிறது, முதுகு கூன் விழுந்துகொண்டே வருகிறது. கால்சியம் குறைவா?” என்பது கேள்வி.

‘உங்களுக்கென்றே கலந்தது’ என்ற வார்த்தையில் ஒரு மயக்கம் இருக்கத்தான் இருக்கிறது. ரெடிமேடு ரவிக்கையைவிட அளவு கொடுத்துத் தைத்தது நன்றாகப் பொருந்தும் என்பது நமக்குப் பழகிப் போன விஷயம். மருந்தும் அப்படித்தான் என்று நினைத்துக்கொள்கிறோம். எலும்பு விஷயத்தில் அது சரியா என்று பார்ப்போம்.

எலும்பு வாய் திறந்து பேசாது

முதலில் ஒரு குழப்பத்தைத் தீர்த்துக்கொள்ள வேண்டும். ‘எலும்புத் தேய்மானம்’ என்று நாம் பொதுவாகச் சொல்வதில் இரண்டு வியாதிகள் கலந்து கிடக்கின்றன. முழங்கால் மூட்டில் எலும்புகளுக்கு நடுவே மெத்தை போல் இருக்கிற குருத்து தேய்வது ஒன்று. அதில் வலி உண்டு. எலும்பே உள்ளுக்குள் சல்லடையாகி மெலிவது இன்னொன்று. இதைத்தான் டாக்டர்கள் ஆஸ்டியோபொரோசிஸ் என்கிறார்கள். இதில் வலியே கிடையாது. எலும்பு முறியும் வரைக்கும் ஒன்றும் தெரியாது.

எலும்பு கட்டை மாதிரி அப்படியே இருக்கிற வஸ்து இல்லை. உள்ளே ஒரு பக்கம் பழைய எலும்பை அரித்து எடுக்கிற அணுக்கள், இன்னொரு பக்கம் புதிதாகப் பூசுகிற அணுக்கள் என்று ஓயாமல் மராமத்து நடந்துகொண்டே இருக்கிறது. முப்பது வயது வரையில் பூச்சு வேலை முந்தி நிற்கும். அப்புறம் மெல்ல மெல்ல அரிப்பு முந்துகிறது. ஈஸ்ட்ரஜன் என்ற பெண் ஹார்மோன்தான் அந்த அரிப்பைக் கட்டுப்படுத்தி வைத்திருப்பது. நம் நாட்டுப் பெண்களுக்குச் சராசரியாக 46, 47 வயதில் மாதவிலக்கு நிற்கிறது. அதோடு அந்தக் காவலும் போய்விடுகிறது. அடுத்த ஐந்து முதல் ஏழு வருஷத்துக்குள் எலும்பின் அடர்த்தியில் ஐந்தில் ஒரு பங்கு வரை குறைந்துவிடலாம். கர்ப்பப்பையோடு சினைப்பையையும் எடுத்துவிட்டவர்களுக்கு இது இன்னும் சீக்கிரமே ஆரம்பிக்கும்.

இங்கேதான் இரண்டு சகோதரிகளும் கவனிக்க வேண்டியது இருக்கிறது. ஒருவர் “தூக்கம் வருகிறது” என்கிறார். இன்னொருவர் “வலி பறந்துவிட்டது” என்கிறார். இரண்டும் நல்லதுதான். ஆனால் எலும்பு தேறியிருக்கிறது என்பதற்கு இரண்டுமே சாட்சி இல்லை. மெலியும்போது வலிக்காத எலும்பு, தேறும்போதும் சொல்லிக்கொள்ளாது. தலைவலி மருந்தை நாமே சாப்பிட்டுப் பார்த்துக் ‘கேட்கிறதா இல்லையா’ என்று சொல்லிவிடலாம். எலும்பு மருந்தை அப்படிச் சொல்ல முடியாது. அதனால்தான் எலும்பு மருந்துக்குச் சோதனை நடந்திருக்க வேண்டியது மற்ற மருந்துகளைவிட அவசியமாகிறது.

கம்பவுண்டர் கலந்த மிக்ஸ்சர்

மருந்தைக் கலந்து கொடுப்பது நமக்குப் புதிதில்லை. டாக்டர் சீட்டு எழுத, பக்கத்து அறையில் கம்பவுண்டர் பெரிய பெரிய ஜாடிகளிலிருந்து அளந்து ஊற்றி மிக்ஸ்சர் கலப்பார். வீட்டிலிருந்து கொண்டுபோன பாட்டிலில் ஊற்றி, வேளைக்கு இவ்வளவு என்று தெரிய வெட்டுப் போட்ட காகிதப் பட்டையை ஒட்டித் தருவார். மாத்திரைகள் தொழிற்சாலையில் ஒரே அளவாகத் தயாராகி வர ஆரம்பித்ததும் அந்த ஜாடிகள் மறைந்துபோயின.

அந்த வேலைக்கு இன்றைக்கும் நியாயமான இடம் உண்டு. மாத்திரையை விழுங்கத் தெரியாத குழந்தைக்குத் திரவமாக வேண்டியிருக்கும். மாத்திரையில் சேர்க்கிற சாயமோ பால் சர்க்கரையோ ஒருவருக்கு ஒவ்வாமல் இருக்கும். வேண்டிய அளவில் மருந்து கடையிலேயே கிடைக்காமல் இருக்கும். அப்படிப்பட்ட சமயங்களில், படித்த மருந்தாளுநர் டாக்டரின் சீட்டுப்படி தனியாகக் கலந்து கொடுப்பதுதான் அமெரிக்காவில் ‘காம்பவுண்டிங் பார்மஸி’ என்பது. நம் கம்பவுண்டர் என்ற பெயரும் அதே வார்த்தையிலிருந்து வந்ததுதான்.

சரி, அது ஏன் அங்கே ஹார்மோன் கிரீம் வரைக்கும் போயிற்று?

அமெரிக்காவில் நடந்தது

மாதவிலக்கு நின்றவர்களுக்கு ஹார்மோன் கொடுப்பது அங்கே ரொம்ப காலமாக உள்ள வழக்கம். 2002-ஆம் வருஷம் ஜூலை மாதம், பதினாறாயிரத்துக்கும் மேற்பட்ட பெண்களை வைத்து நடந்துகொண்டிருந்த ஒரு பெரிய ஆராய்ச்சியின் ஒரு பகுதியைப் பாதியில் நிறுத்தினார்கள். ஈஸ்ட்ரஜனும் புரோஜெஸ்டின் என்பதும் சேர்ந்த மாத்திரை சாப்பிட்டவர்களுக்கு மார்புப் புற்றுநோயும், பக்கவாதமும், ரத்தக் கட்டியும் கொஞ்சம் அதிகம் என்று தெரிந்தது. அதே ஆராய்ச்சியில் இடுப்பு எலும்பு முறிவு மூன்றில் ஒரு பங்கு குறைந்ததும் தெரிந்தது. ஆக, ஹார்மோன் எலும்பைக் காக்கிறது என்பது பொய் இல்லை. அதற்கு ஒரு விலை உண்டு, யாருக்கு எந்த வயதில் கொடுக்கிறோம் என்று பார்க்க வேண்டும் என்பதுதான் விஷயம்.

பயந்துபோன பெண்கள் வேறு வழி தேடினார்கள். ‘இது கம்பெனி மாத்திரை இல்லை, உங்கள் உடம்பில் ஊறுவது போன்ற இயற்கை ஹார்மோன், உங்களுக்கென்றே கலந்தது’ என்று சொன்னதும் மனசு அங்கே போயிற்று. கம்பெனி மருந்தில் எச்சரிக்கைச் சீட்டு இருந்தது. கலந்து கொடுத்த கிரீமில் அது இல்லை. சீட்டு இல்லாததால் ஆபத்தும் இல்லை என்று நினைத்துவிட்டார்கள். உடம்பில் ஊறுவதைப் போன்ற அதே ஈஸ்ட்ரஜன், முறைப்படி சோதித்து அனுமதி பெற்ற ஒட்டுப்பட்டையாகவும் மாத்திரையாகவும் கடையிலேயே கிடைக்கிறது என்பதும் பலருக்குத் தெரியாது.

இதைப் பற்றி அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டுத் துறை கேட்டுக்கொண்டு, அந்நாட்டு தேசிய அறிவியல் கழகங்களின் நிபுணர் குழு 2020-இல் ஓர் அறிக்கை கொடுத்தது. தனியாகக் கலந்த ஹார்மோன்கள் பாதுகாப்பானவை, பலன் தருபவை என்று சொல்லத் தக்க தரமான ஆதாரம் இல்லை. ஒவ்வாமை போன்ற காரணம் இருந்தால் தவிர அவற்றை உபயோகிக்கக் கூடாது என்பது அதன் சாரம். எச்சிலில் ஹார்மோன் அளவு ஒரே நாளில் காலைக்கும் மாலைக்கும் மாறும். அதை வைத்து மருந்தின் அளவை நிர்ணயிப்பதை மகப்பேறு மருத்துவ நிபுணர்கள் ஏற்பதில்லை.

புரோஜெஸ்டரோன் கிரீம் எலும்பை வளர்க்கும் என்று 1990-களில் அங்கே பலமாகப் பேசப்பட்டது. 1999-இல் வெளியான ஒரு சோதனையில் நூறு பெண்களுக்குச் சற்று மேல் பங்கெடுத்தார்கள். சிலருக்கு அந்தக் கிரீம், சிலருக்கு வெறும் கிரீம் என்று ஒரு வருஷம் தடவினார்கள். நிஜக் கிரீம் தடவியவர்களுக்கு உடம்பு எரிச்சல் குறைந்தது. எலும்பு அடர்த்தியில் வித்தியாசமே இல்லை. கும்பகோணம் சகோதரியின் அக்கா சொல்வதும் எரிச்சல் நின்றதைத்தானே!

இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. கர்ப்பப்பை உள்ளவர்களுக்கு ஈஸ்ட்ரஜன் கொடுத்தால், கர்ப்பப்பையின் உட்சுவர் தடிக்காமல் காக்கப் போதுமான புரோஜெஸ்டரோனும் சேர்த்துக் கொடுக்க வேண்டும். தோலில் தடவுகிற புரோஜெஸ்டரோன் அந்த அளவுக்கு உள்ளே போகும் என்று நம்ப முடியாது. போதாமல் போனால் உட்சுவரில் புற்றுநோய்க்கு இடம் கொடுத்ததாகும்.

கலக்கிற இடம் சுத்தமாக இருப்பதும் ஒரு பெரிய விஷயம். 2012-இல் மாசசூசெட்ஸ் மாநிலத்தில் ஒரு காம்பவுண்டிங் நிலையம் தயாரித்த ஸ்டீராய்டு ஊசி மருந்தில் பூஞ்சை கலந்துவிட்டது. முதுகு வலிக்காகவும் மூட்டு வலிக்காகவும் அந்த ஊசி போட்டுக்கொண்டவர்களில் 750 பேருக்கு மேல் நோயுற்றார்கள். அறுபதுக்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். அதற்கு அப்புறம்தான் 2013-இல் அங்கே சட்டத்தை இறுக்கினார்கள்.

பொட்டலத்தில் என்ன இருக்கிறது?

திண்டுக்கல் சகோதரியின் கடிதம்தான் எனக்கு அதிகக் கவலை தந்தது. இரண்டே நாளில் வலி பறப்பது, முகம் சந்திரன் மாதிரி உருண்டையாக ஊதுவது, வயிறு பெருத்துக் கை கால் மெலிவது, பசி அதிகமாவது, லேசாக இடித்தாலும் தோல் கன்றிப் போவது, இதுவரை இல்லாத சர்க்கரையும் ரத்தக் கொதிப்பும் வருவது — இவை சேர்ந்து வந்தால் ஸ்டீராய்டு மருந்தை நினைக்க வேண்டும் என்பார்கள் டாக்டர்கள். மூட்டு வலிக்கென்று பேர் போடாமல் விற்ற தூள்களிலும் மாத்திரைகளிலும் ஸ்டீராய்டு கலந்திருப்பது சோதனையில் பல தடவை வெளிப்பட்டிருக்கிறது. உங்கள் மாமியாரின் பொட்டலத்தில் அது இருக்கிறது என்று நான் இங்கிருந்து சொல்ல முடியாது. சோதித்தால்தான் தெரியும். ஆனால் சோதிக்காமல் விடக் கூடாது.

ஏன் என்றால், ஸ்டீராய்டு எலும்பை மெலிய வைக்கிற மருந்துகளில் முதன்மையானது. பூச்சு வேலை செய்கிற அணுக்களை அது முடக்கிப் போடுகிறது. ஆஸ்த்துமா, வாத ஜுரம் போன்ற வியாதிகளுக்கு அது உயிர் காக்கும் மருந்து, மறுக்கவில்லை. ஆனால் மூன்று மாதத்துக்கு மேல் கொடுக்க நேர்ந்தால், டாக்டர் எலும்பையும் சேர்த்துக் கவனித்துக்கொண்டே கொடுப்பார். பேர் தெரியாத பொட்டலத்தில் அந்தக் கவனிப்பு ஏது? எலும்புக்கென்று சாப்பிட்ட மருந்தே எலும்பைத் தின்றுவிட்டுப் போகும்.

சகோதரி, இதை அவசியம் படியுங்கள். பொட்டலத்தை நாளையிலிருந்து நிறுத்து என்று சொல்லி, பிடுங்கி எறிந்துவிடாதீர்கள். நீண்ட நாள் ஸ்டீராய்டு சாப்பிட்ட உடம்பு தானாக அதைச் சுரப்பதை மறந்துவிட்டிருக்கும். திடீரென்று நிறுத்தினால் வாந்தி, மயக்கம், ரத்த அழுத்தம் தாழ்ந்து போவது என்று உயிருக்கே ஆபத்து வரலாம். மீதிப் பொட்டலத்தையும் எடுத்துக்கொண்டு மாமியாரை இந்த வாரமே ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். “இரண்டு வருஷமாக இதைச் சாப்பிடுகிறார்” என்று டாக்டரிடம் ஒளிக்காமல் சொல்லுங்கள். ரத்தம், சர்க்கரை, முதுகெலும்பு எக்ஸ்ரே எல்லாம் பார்த்து, நிறுத்த வேண்டியதைப் படிப்படியாக நிறுத்துவார்கள். கூன் விழுவது முதுகெலும்பு ஒன்றின் மேல் ஒன்று நசுங்குவதாலும் இருக்கலாம். ‘வயசாச்சு’ என்று விட்டுவிடாதீர்கள்.

நம் சித்த வைத்தியத்தை நான் குறை சொல்வதாக யாரும் நினைக்க வேண்டாம். முறைப்படி படித்துப் பதிவு பெற்ற வைத்தியர், கொடுத்த மருந்துக்குப் பேர் சொல்லுவார். கேட்டால் எழுதியும் கொடுப்பார். பேர் சொல்லாதவரிடம்தான் ஜாக்கிரதை வேண்டும்.

அளவு பார்த்துத் தைக்க வேண்டியது எதை?

கும்பகோணம் சகோதரி ‘எல்லாருக்கும் பொதுவான மாத்திரை’ என்று கொஞ்சம் இளக்காரமாக எழுதியிருக்கிறார். அந்தப் பொதுவில்தான் அதன் பலமே இருக்கிறது. வாரம் ஒருமுறை சாப்பிடுகிற மாத்திரை என்றால் பெரும்பாலும் அலென்ட்ரோனேட் 70 மில்லிகிராமாக இருக்கும். 1996-இல் வெளியான சோதனையில், ஏற்கனவே முதுகெலும்பு முறிந்திருந்த 2,027 பெண்களை மூன்று வருஷம் கவனித்தார்கள். வெறும் மாத்திரை சாப்பிட்டவர்களில் நூற்றுக்குப் பதினைந்து பேருக்கு முதுகெலும்பில் புதிய முறிவு வந்தது. அலென்ட்ரோனேட் சாப்பிட்டவர்களில் நூற்றுக்கு எட்டு பேருக்குத்தான் வந்தது. இடுப்பு முறிவும் ஏறக்குறையப் பாதியாயிற்று. இதில் பார்த்தது தூக்கத்தையும் இல்லை, எரிச்சலையும் இல்லை. எலும்பு முறிந்ததா இல்லையா என்பதைத்தான்.

அப்படியானால் எல்லாருக்கும் ஒரே மாத்திரைதானா? அதுவும் இல்லை. கலப்பதில் தனித்தனி வேண்டாம், தேர்ந்தெடுப்பதில் தனித்தனி வேண்டும். விழுங்குவதற்குக் கஷ்டப்படுகிறவர்கள், உணவுக்குழாயில் புண் உள்ளவர்கள், அரை மணி நேரம் நிமிர்ந்து உட்கார முடியாதவர்கள் இவர்களுக்கு அலென்ட்ரோனேட் மாத்திரை ஆகாது. விழுங்க முடியவில்லையே என்று பொடித்துத் தண்ணீரில் கரைத்துக் கொடுப்பது ரொம்பத் தப்பு, தொண்டை புண்ணாகும். அவர்களுக்கென்று ஸோலெட்ரோனிக் ஆசிட் 5 மில்லிகிராம், வருஷத்துக்கு ஒருமுறை நரம்பு வழியாக ஏற்றுவது இருக்கிறது. முதல் தடவை இரண்டு மூன்று நாள் ஜுரமும் உடம்பு வலியும் வரலாம். சிறுநீரகம் சரியாக இருக்கிறதா என்று முதலில் பார்க்க வேண்டும். சிறுநீரகம் பலவீனமானவர்களுக்கு டெனோசுமாப் என்ற ஊசி ஆறு மாதத்துக்கு ஒருமுறை கொடுப்பதுண்டு. அதற்கும் ரத்தத்தில் கால்சியம் பார்த்துக்கொள்ள வேண்டும். இந்த ஊசியை டாக்டரைக் கேட்காமல் நிறுத்தினால், இருந்த பலன் போவதோடு முதுகெலும்புகள் வரிசையாக முறியவும் கூடும். எலும்பு ரொம்ப மோசமாகிவிட்டவர்களுக்குப் புதிய எலும்பைக் கட்டுகிற டெரிபாரடைடு ஊசி, தினமும் போட்டுக்கொள்வது. மாதவிலக்கு நின்று அதிக வருஷம் ஆகாமல், எரிச்சலும் எலும்பு மெலிவும் சேர்ந்து உள்ளவர்களுக்கு அனுமதி பெற்ற ஹார்மோனும் டாக்டர் யோசித்துப் பார்க்கக் கூடியதுதான்.

உங்கள் வயது, சிறுநீரகம், வயிறு, பல், ஏற்கனவே எலும்பு முறிந்த விவரம், சாப்பிடுகிற மற்ற மாத்திரைகள் இவைதாம் உங்கள் அளவுகள். டாக்டரிடம் கொடுக்க வேண்டிய அளவு இதுதான், எச்சில் இல்லை.

காபிக்கு முன்னால்

மாத்திரை நல்லதாக இருந்தாலும் சாப்பிடுகிற முறை தப்பினால் வீண். அலென்ட்ரோனேட் வெறும் வயிற்றில் போட்டாலே நூறில் ஒரு பங்குகூட உடம்பில் சேராது. காபியோடு போட்டால் அதிலும் பாதிக்கு மேல் போய்விடும்.

எங்கள் வீட்டில் மாமியாருக்கு ஞாயிற்றுக்கிழமை மாத்திரை நாள். பல் தேய்த்ததும் ஒரு பெரிய டம்ளர் பச்சைத் தண்ணீரோடு மாத்திரை. அப்புறம் அரை மணி நேரம் காபி கிடையாது, படுக்கை கிடையாது. உட்கார்ந்து பேப்பர் படிப்பார், இல்லையானால் கொல்லைப்புறம் நடப்பார். “ஏம்மா, மணி ஆச்சா?” என்று இரண்டு தடவை கேட்பார். காலண்டரில் அந்தத் தேதியை வட்டம் போட்டுவிட்ட பிறகுதான் டிகாக்ஷன் இறங்கும். வாரம் ஒன்று என்றால் எந்த வாரம் சாப்பிட்டோம், எந்த வாரம் விட்டோம் என்று மறந்து போகும். அதனால் கிழமையை மாற்றாமல் வைத்துக்கொள்வது சௌகரியம்.

கால்சியம் மாத்திரையை அந்த வேளையில் சேர்க்கவே கூடாது. பகல் சாப்பாட்டோடு வைத்துக்கொள்ளலாம். தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறவர்கள் இரண்டுக்கும் நடுவே நாலு மணி நேரம் விட வேண்டும். வைட்டமின் டி 60,000 யூனிட் தூளோ மாத்திரையோ எழுதிக் கொடுத்தால், அது வாரம் ஒன்றா, மாதம் ஒன்றா என்று சீட்டைப் பார்த்துக் கேட்டுக்கொள்ளுங்கள். தினம் ஒன்றாகச் சாப்பிட்டு, ரத்தத்தில் கால்சியம் ஏறி ஆஸ்பத்திரியில் படுக்க நேர்ந்தவர்கள் உண்டு.

எலும்பு மருந்து தொடங்கும் முன் பல் பிடுங்குவது, வேர் வைத்தியம் ஏதாவது பாக்கி இருந்தால் முடித்துவிடுங்கள். அபூர்வமாகத் தாடை எலும்பு ஆறாமல் போவதுண்டு. தொடையில் புதிதாக மந்தமான வலி வந்தால் டாக்டரிடம் உடனே சொல்லுங்கள். அலென்ட்ரோனேட் ஐந்து வருஷம் சாப்பிட்டானதும், தொடரலாமா, கொஞ்ச நாள் நிறுத்தலாமா என்று அவரே பார்த்துச் சொல்வார்.

அடுக்களைக் கணக்கு

நமக்கென்றே நாமே கலக்கக் கூடியது ஒன்று இருக்கிறது. அது சாப்பாடு. இந்திய மருத்துவ ஆராய்ச்சிக் கழகத்தின் 2020-ஆம் வருஷத்துப் பரிந்துரைப்படி, பெரியவர்களுக்கு ஒரு நாளைக்கு 1,000 மில்லிகிராம் கால்சியம் வேண்டும். மாதவிலக்கு நின்ற பெண்களுக்கு 1,200. பாலும் தயிருமாக 400 மில்லி சேர்ந்தால் ஏறக்குறைய 480. அறுபது கிராம் கேழ்வரகில் 210. ஒரு கைப்பிடி முருங்கைக்கீரை, ஐம்பது கிராம் என்றால் 150. பெரிய ஸ்பூன் எள்ளுப்பொடியில் 120 இருக்கும். கீரையிலும் எள்ளிலும் உள்ளது முழுக்க உடம்பில் சேராது என்றாலும், கணக்கு ஆயிரத்தை நெருங்கிவிடுகிறது. குறைவதற்கு மட்டும் மாத்திரை போதும். வாங்கும்போது அட்டையைப் பாருங்கள்: கால்சியம் கார்பனேட் 1,250 என்று போட்டிருந்தால் அதில் உள்ள கால்சியம் 500 மில்லிகிராம்தான்.

ஆனால் கால்சியம் மட்டுமே ஏற்கனவே மெலிந்த எலும்பைத் தேற்றிவிடாது. அது செங்கல் மாதிரி, கொத்தனாரும் வேண்டும். கூடவே பருப்பு, முட்டை, மீன் என்று புரதம், தினம் நடை, கொஞ்சம் வெயில். குளியலறையில் வழுக்காத மிதியடி, ராத்திரி எழுந்து போகிற வழியில் சின்ன விளக்கு. விழாமல் இருப்பது பாதி வைத்தியம்.

வாங்கும் முன் கேளுங்கள்

கலந்த மருந்தோ, கிரீமோ, பொட்டலமோ, யார் கொடுத்தாலும் இந்த நாலு கேள்விகளைக் கேளுங்கள்.

இதற்குப் பேர் என்ன? உள்ளே என்னென்ன, எவ்வளவு?

தயாரித்த தேதி, காலாவதித் தேதி, பேட்ச் நம்பர், லைசென்ஸ் நம்பர் இருக்கிறதா?

இதைச் சாப்பிட்டவர்களுக்கு எலும்பு முறிவு குறைந்தது என்று சோதித்துப் பார்த்திருக்கிறார்களா, அல்லது வலி குறைந்தது, தூக்கம் வந்தது என்று மட்டும்தானா?

கடையில் அனுமதியோடு கிடைக்கிற மருந்து எனக்கு ஏன் ஆகாது?

கடைசிக் கேள்விக்கு நியாயமான பதில் வந்தால், கலந்த மருந்துக்கு இடம் உண்டு. வராவிட்டால் பணத்தைப் பத்திரப்படுத்திக்கொள்ளலாம். அதை வைத்து டெக்ஸா என்ற எலும்பு அடர்த்திப் பரிசோதனையை எடுத்துக்கொள்ளுங்கள். பத்துப் பதினைந்து நிமிஷம் படுத்திருந்தால் போதும். டி-ஸ்கோர் என்று ஓர் எண் வரும். மைனஸ் 1 அல்லது அதற்கு மேலே என்றால் சரி. மைனஸ் 1-க்கும் மைனஸ் 2.5-க்கும் நடுவே என்றால் எலும்பு மெலியத் தொடங்கியிருக்கிறது. மைனஸ் 2.5-உம் அதற்குக் கீழேயும் நோய். இலவச முகாம்களில் குதிகாலை மட்டும் பார்த்துச் சொல்வது ஒரு சந்தேகத்தைக் காட்டும், அவ்வளவுதான். அதை வைத்து மருந்து தொடங்கக் கூடாது.

கும்பகோணம் சகோதரிக்கு: அக்காவின் கிரீம் வேண்டாம். உங்கள் டாக்டர் எழுதிய மாத்திரை உங்களுக்குப் பொருந்துகிறதா என்று மேலே சொன்ன அளவுகளை வைத்து அவரிடமே கேளுங்கள். விலை அதிகமாகத் தெரிந்தால், மருந்தின் மூலப் பெயரைச் சொல்லி மக்கள் மருந்தகத்தில் விசாரியுங்கள். அக்காவுக்கும் ஒரு வார்த்தை எழுதுங்கள்: ஏதாவது ரத்தப்போக்கு கண்டால் டாக்டரிடம் உடனே சொல்லச் சொல்லுங்கள், கிரீம் தொடங்கிய பிறகு டெக்ஸா எடுத்தாளா என்றும் கேளுங்கள்.

திண்டுக்கல் சகோதரிக்கு: பொட்டலத்தோடு ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு வந்து, டாக்டர் என்ன சொன்னார் என்று எனக்கு ஒரு கார்டு போடுங்கள். இதே தூளைச் சாப்பிடுகிற மற்றவர்கள் உங்கள் தெருவிலேயே இருப்பார்கள். அவர்களுக்கும் இந்தப் பக்கத்தைப் படித்துக் காட்டுங்கள்.